செல் லைன் அடையாளச் சோதனை: கம்பெனிக்கு அனுப்பலாமா, பல்கலைக்கழக மையத்துக்கே கொடுக்கலாமா?

புற்றுநோய் ஆய்வகத்தில் யாரும் ஆசைப்பட்டு ஆர்டர் செய்யாத சேவை ஒன்று உண்டென்றால் அது செல் லைன் அடையாளச் சோதனைதான். ஆய்வகத்தில் வருடக்கணக்கில் வளர்த்துவரும் செல் கூட்டம்தான் செல் லைன்; அது நாம் நினைக்கும் செல்தானா என்று பார்ப்பது இந்தச் சோதனை. புது மைக்ராஸ்கோப் வந்தால் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். ஆன்டிபாடி பார்சல் வந்தால் முதலில் யார் எடுப்பது என்று போட்டி நடக்கும். இந்தச் சோதனைக்கு மட்டும், "உங்கள் செல்களின் எஸ்.டி.ஆர் ரிப்போர்ட்டை இணைக்கவும்" என்று, அதாவது இந்தச் சோதனையின் முடிவைக் கேட்டு, ஜர்னலிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் ஆள் ஓடி வருவார். ஓடி வருவதும் என்னிடம்தான். செல்களை உறைய வைத்திருக்கும் லிக்விட் நைட்ரஜன் டேங்கின் சாவி என்னிடம் இருக்கிறது.

நான் ஒரு பல்கலைக்கழகப் புற்றுநோய் ஆய்வகத்தில் லேப் மேனேஜர். எந்த வயல் (உறைந்த செல் இருக்கும் குட்டிக் குப்பி) எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்த இன்குபேட்டரில் தண்ணீர் வற்றிவிட்டது, யார் யாருடைய மீடியா (செல்களுக்கான ஊட்டக் கரைசல்) பாட்டிலைக் கேட்காமல் எடுத்தார்கள் என்பதெல்லாம் என் இலாகா. அந்த இலாகாவில் இந்தச் சோதனையும் சேர்ந்துகொண்டது. இதற்காக இரண்டு இடங்களுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறோம். ஒன்று வெளிக் கம்பெனி, மற்றொன்று எங்கள் பல்கலைக்கழகத்தின் ஜீனோமிக்ஸ் மையம். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி இரண்டு வழி உங்களுக்கும் இருக்கும், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சோதனை எதற்கு என்று. புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாருமே இதைக் கேட்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஹீலாவிலிருந்துதான் தொடங்குவேன். 1951-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள், ஜார்ஜ் கேயின் ஆய்வகத்தில் நிற்காமல் வளர்ந்தன. சோதனைச்சாலையில் அப்படி முடிவில்லாமல் வளர்ந்த முதல் மனித செல்கள் அவைதான். அவற்றுக்கு வைத்த பெயர்தான் ஹீலா. அந்தச் செல்களுக்கு இருக்கும் வேகம்தான் பிறகு வினையாகவும் ஆனது. பக்கத்து ஃபிளாஸ்கில் ஒரு துளி தவறி விழுந்தால் போதும், சில பாசேஜுக்குள் (செல்களைப் புது ஃபிளாஸ்குக்கு மாற்றி வளர்ப்பது ஒரு பாசேஜ்) அங்கே இருந்த பழைய குடித்தனக்காரர்களைக் காணோம்.

1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் ஒரு மாநாட்டில் எழுந்து, வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பல செல் லைன்களில் ஒரே வகை ஜி6பிடி என்சைம்தான் இருக்கிறது, அவையெல்லாம் ஹீலாவாக இருக்கலாம் என்றார். எழுபதுகளில் வால்டர் நெல்சன்-ரீஸ் குரோமோசோம் பட்டைகளை வைத்து அதையே இன்னும் அழுத்தமாகக் காட்டி, கலப்படமான செல் லைன்களின் பட்டியலைச் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். பட்டியலில் தங்கள் செல்லைப் பார்த்தவர்கள் அவரிடம் எவ்வளவு பிரியமாக இருந்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கல்லீரல் செல் என்று பெயர் பெற்ற சாங் லிவர், குரல்வளைப் புற்று என்று விற்ற ஹெப்-2, குடல் செல் என்ற ஐஎன்டி 407, வாய்ப் புற்று என்ற கேபி, எல்லாமே ஹீலா. ஹீலா இல்லாத குளறுபடிகளும் உண்டு. ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல் என்று நம்பப்பட்ட ஈசிவி304, கடைசியில் டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்று. மார்பகப் புற்றுப் பரவலை ஆராய வருடக்கணக்கில் பயன்பட்ட எம்டிஏ-எம்பி-435, எம்14 என்ற மெலனோமாவோடு ஒன்று. மருந்துக்கு மசியாத மார்பகப் புற்று என்று பேர் வாங்கிய எம்சிஎஃப்-7/ஏடிஆர், உண்மையில் ஓவ்கார்-8 என்ற சினைப்பைப் புற்று. இப்படி அடையாளம் தவறிய செல் லைன்களுக்கென்றே ஐக்லாக் என்ற சர்வதேசக் குழு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் ஐநூறுக்கு மேல் இருக்கின்றன. 2017-ல் வந்த ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட செல்களை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளை எண்ணிப் பார்த்தது. 32 ஆயிரத்துக்கும் மேல்.

இவ்வளவும் சொன்ன பிறகு மாணவர் சொல்வது: "நம்ம லேப்ல அதெல்லாம் நடக்காதுக்கா."

நடக்கிற விதம் ரொம்பச் சாதாரணம். இரண்டு செல் லைனுக்கு ஒரே மீடியா பாட்டில். அவசரத்தில் டிப் மாற்றாத ஒரு பிபெட். ஹுட்டுக்குள் (கிருமி படாமல் செல் வேலை செய்யும் மேடை) ஒரே நேரத்தில் திறந்து வைத்த இரண்டு ஃபிளாஸ்க். இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது மார்க்கர் பேனா. வயல் மூடியில் செல்லின் பெயர், பாசேஜ் எண், தேதி, முதலெழுத்து என்று பொடிப்பொடியாக எழுதுவார்கள். கையுறையில் 70 சதவீத ஆல்கஹால் ஈரம் காய்வதற்குள் அதைத் தொடுவார்கள். எம்டிஏ-எம்பி-231 என்ற செல்லுக்குச் சுருக்கமாக "231" என்று எழுதியதில் 2 போய்விடும். எழுதிய போஸ்ட்டாக் (பிஎச்.டி முடித்த ஆய்வாளர்) வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விடுவார். மிச்சம் இருக்கும் "31" என்ன என்று அந்தப் பெட்டியை வாரிசாகப் பெறும் மாணவர் தன் மனதுக்குப் பட்டபடி முடிவு செய்வார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். ஃபிளாஸ்கின் அடியில் ஒட்டி வளரும் புற்றுச் செல்கள் பலவும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒரே ஜாடை. வருடக்கணக்கில் ஒரே செல்லை வளர்த்தவர்கள் வேண்டுமானால் "இது என் செல் மாதிரி இல்லையே" என்பார்கள். அந்தக் கண் வருவதற்குள் பிஎச்.டி முடிந்துவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். மனித ஜீனோமில் சில இடங்களில் நான்கு எழுத்துகள் கொண்ட துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும், அதைத்தான் எஸ்.டி.ஆர் என்கிறார்கள். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள். அந்த ஒவ்வொன்றுக்கும் அலீல் என்று பெயர். அந்த இடங்களைப் பிசிஆரில் (டிஎன்ஏவைப் படியெடுக்கும் முறை) பெருக்கி, மெல்லிய குழாயில் ஓடவிட்டு, நீளத்தைப் பார்த்தால் படத்தில் கூரான மேடுகளாக, அதாவது பீக்குகளாக விழும். குற்றவியல் துறையில் ஆளை அடையாளம் காணப் பயன்படுவதும் இதே முறைதான். செல் லைன்களுக்கான தர நெறியை ஏடிசிசி என்ற அமெரிக்க செல் வங்கி 2011-ல் கொண்டுவந்தபோது எட்டு இடங்களும், ஆண்-பெண் காட்டும் அமெலோஜெனினும் போதும் என்றார்கள். பின்னர் வந்த திருத்தத்தில் 13 இடங்கள் ஆகின. இன்றைய கிட்டுகள் 16, 24 என்று இன்னும் அதிகமாகவே பார்க்கின்றன.

எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கிட்டுகள்தான், இதே மெஷின்கள்தான். அதனால் "அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பம் உயர்ந்தது" என்று விற்பனையாளர் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பீக்கை யார் படிக்கிறார், படித்ததை உங்களுக்கு எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் சேவைக்குச் சேவை வித்தியாசம் வருகிறது.

கம்பெனியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அனுப்பும் உறை அழகு. உள்ளே எஃப்.டி.ஏ (FTA) அட்டை இருக்கும். செல்களைச் சுழற்றி அடியில் சேர்த்து, உப்புக் கரைசலில் கலந்து அட்டையின் வட்டத்தில் சொட்டு விட்டுக் காயவைத்தால் போதும். அட்டையில் இருக்கும் ரசாயனம் செல்லை உடைத்து டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். ஐஸ் வேண்டாம், அவசரம் வேண்டாம், சாதாரணத் தபாலில் போகும். முதல் வருட மாணவர் கூடச் சொதப்ப முடியாது. இணையதளத்தில் மாதிரி எங்கே இருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டுவார்கள். சொன்ன நாளுக்கு முன்பே ரிப்போர்ட் வந்துவிடும். முத்திரை, கையெழுத்து, பெரிய பச்சை எழுத்தில் "பொருந்துகிறது" என்ற வார்த்தை, கீழே ஒரு சதவீதம். ஜர்னலுக்கு அனுப்ப இதைவிட லட்சணமான காகிதம் கிடைக்காது.

எங்கள் மையம் இதற்கு நேர் எதிர். படிவம் யாரோ ஒரு காலத்தில் எக்செல்லில் போட்டது, அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. செல் லைன் பெயர் எழுதும் கட்டத்தில் பத்து எழுத்துக்கு மேல் ஏறாது. "எம்டிஏ-எம்பி-231, மருந்து எதிர்ப்பு, குளோன் 4" என்று எழுத வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு சுருக்கம் வைத்துக்கொள்வார்கள். அடையாளத்தைச் சோதிக்கும் இடத்தில் அடையாளம் எழுத இடம் இல்லை என்று நான் பல முறை முறையிட்டாயிற்று. டிஎன்ஏவை நாமே பிரித்தெடுத்துக் கொடுக்க வேண்டும். 96 குழித் தட்டு நிறையும் வரை ஓட்ட மாட்டார்கள். விடுமுறை மாதங்களில் தட்டு நிறைவதற்குள் மாணவரின் ஆர்வம் வடிந்துவிடும்.

ஆனால் அங்கே ஒரு டெக்னீஷியன் இருக்கிறார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். ரிப்போர்ட் என்று அவர் தருவது பீக் படங்களின் முழுப் பிரிண்ட்அவுட். மெஷின் போட்ட எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் அவர் குறிப்பு இருக்கும். "இது ஸ்டட்டர்." "இங்கே சிக்னல் பலவீனம், திரும்ப ஓட்டினேன்." "இந்த இடத்தில் ஒரு அலீல் போய்விட்டது, இந்த லைனில் இது வழக்கம்." அந்தப் பென்சில் குறிப்புகளுக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் மாணவர் ஒருவரின் கட்டுரை ரிவ்யூவரிடமிருந்து திரும்பி வந்தது. மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தயார், எஸ்.டி.ஆர் ரிப்போர்ட் மட்டும் பாக்கி. நேரம் குறைவு என்பதால் கம்பெனிக்கு அனுப்பினோம். வந்தது பச்சை எழுத்து, நூறு சதவீதம். மாணவருக்கு ஒரே சந்தோஷம். அதே வாரம் எங்கள் மையத்தில் வேறு மாதிரிகளுக்காகத் தட்டு ஓட இருந்தது. ஒரு குழி காலியாக இருக்கிறது, ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று அந்த டெக்னீஷியன் கேட்டதால், அதே செல்லின் டிஎன்ஏவை அதில் போட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றார். மெயில் கூட ஒரு வரியில் அனுப்புபவர் போன் செய்தார் என்றால் சமாசாரம் நல்லதாக இருக்காது.

பிரிண்ட்அவுட்டை மேஜையில் விரித்து வைத்திருந்தார். எங்கள் செல்லுக்கு வர வேண்டிய பீக்குகள் எல்லாம் நெட்டையாக, சரியான இடத்தில் இருந்தன. அவற்றுக்கு நடுவே தரையோடு தரையாகச் சின்னச் சின்னப் பீக்குகள். ஒன்றிரண்டு என்றால் ஸ்டட்டர் என்று விட்டுவிடலாம். பிசிஆர் வழுக்கும்போது உண்மையான பீக்குக்கு ஒரு படி முன்னால் விழும் நிழல்தான் ஸ்டட்டர். இவை அந்த இடங்களில் இல்லை. மூன்று நான்கு எஸ்.டி.ஆர் இடங்களில் மூன்றாவது, நான்காவது பீக் இருந்தது. ஒருவருடைய செல்லில் ஏதோ ஓர் இடத்தில் மூன்று பீக் வந்தால் புற்றுச் செல்லின் குரோமோசோம் கூத்து என்று சொல்லலாம். பல இடங்களில் வந்தால் ஃபிளாஸ்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

டி13எஸ்317 என்ற இடத்தில் ஒரு குட்டிப் பீக்கைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில் 13.3 என்று எழுதியிருந்தார். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இந்தத் துறையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. ஹீலாவுக்கு அந்த இடத்தில் 12, 13.3 என்று வரும். முழு எண்ணாக இல்லாத அந்த 13.3 அபூர்வமானது. வேறு இடங்களில் ஹீலாவுக்கு எதிர்பார்ப்பது டிஎச்01-ல் 7, டிபிஓஎக்ஸில் 8, 12, விடபிள்யூஏவில் 16, 18. அவற்றில் சில எங்கள் செல்லின் பீக்குகளுக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டிருந்தன, சில தனியாகத் தலைநீட்டின.

அப்படியென்றால் கம்பெனி பொய் சொன்னதா? இல்லை, அதுதான் எரிச்சல். கணக்கைப் பாருங்கள். செல் வங்கிப் பதிவில் உள்ள எங்கள் செல்லுக்கு எட்டு இடங்களில் மொத்தம் 15 அலீல். நாங்கள் அனுப்பிய மாதிரியில் அந்த 15-ம் இருக்கின்றன, கூடுதலாக 6. ஆக மொத்தம் 21. பொருத்தத்தை மூன்று விதமாகக் கணக்கிடலாம். பொதுவாக இருப்பதைப் பதிவின் எண்ணிக்கையால் வகுத்தால் 15-க்கு 15, அதாவது நூறு சதவீதம். மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் 21-க்கு 15, 71 சதவீதம். பொதுவாக இருப்பதை இரட்டித்து, அந்த இரண்டு எண்ணிக்கையின் கூட்டலால் வகுக்கும் டனாபே முறையில் 36-க்கு 30, 83 சதவீதம். ஒரே மாதிரி, ஒரே பீக்குகள், மூன்று விடை. 80-க்கு மேல் போனால் ஒரே வம்சம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம், சூத்திரத்துக்குச் சூத்திரம் எல்லை கொஞ்சம் நகரும். கம்பெனி முதல் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டது. "உங்கள் செல் இதில் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அந்த நூறு சரியான பதில்தான். "வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எந்தச் சூத்திரம் என்பது ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது.

பீக் படங்களைக் கேட்டு மெயில் போட்டோம். அது தனிச் சேவை, தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. கட்டினோம், வந்தது. அவர்கள் ஓட்டிய படத்திலும் அந்தக் குட்டிப் பீக்குகள் இருந்தன! மென்பொருளில் வைத்திருந்த உயர வரம்புக்குக் கீழே இருந்ததால் பாதி அட்டவணையில் ஏறவே இல்லை. ஏறிய மிச்சத்தையும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பேராசிரியர் அறையில் இதைச் சொன்னபோது போஸ்ட்டாக் ஒருவர், "கம்பெனி ரிப்போர்ட் கையில் இருக்கிறதே, அதையே இணைத்துவிடலாமே" என்றார். குறை சொல்ல மாட்டேன், ஒப்பந்தம் முடிய அவருக்குக் கொஞ்ச மாதங்கள்தான் இருந்தன, அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருந்தது. பேராசிரியர் பிரிண்ட்அவுட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மாணவரிடம், "எந்தப் பாசேஜிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். அது நல்ல கேள்வி. மாணவர் சேர்ந்த புதிதில் உறைய வைத்த வயல்கள் டேங்கில் இருந்தன. அவற்றை எழுப்பி அதே மையத்தில் சோதித்தோம், சுத்தமாக இருந்தன. ஆக, கலந்தது நடுவில்தான். எங்கே, யார் கையில் என்று தெரியவில்லை. ஹுட்டைப் பகிர்ந்துகொண்ட எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நான் யாரையும் கேட்கவில்லை. முக்கியமான சோதனைகளை மாணவர் சுத்தமான வயலிலிருந்து திரும்பச் செய்தார். முடிவுகளில் பெரும்பாலானவை நின்றன. ஒரு படம் நிற்கவில்லை, அதைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு கட்டுரை நன்றாகவே இருக்கிறது என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

இனி இரண்டு இடத்திலும் கிடைக்காத சில விஷயங்கள். இதைச் சோதனையின் குறையாகச் சொல்லவில்லை, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளச் சொல்கிறேன்.

ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிறந்த கிளைகளை எஸ்.டி.ஆர் பிரித்துக் காட்டாது. மருந்து எதிர்ப்பு வந்த லைனும் வராத லைனும் ஒரே கைரேகைதான். வயல்கள் தங்களுக்குள் மாறிப்போனால் இந்த ரிப்போர்ட் உதவாது, மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். எச்சிடி116, ஜுர்காட் போல டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்டுப்போன லைன்களில் எண்களே பாசேஜுக்குப் பாசேஜ் நகரும். அங்கே 85 சதவீதம் வந்தால் பதற வேண்டாம், அதைச் சொல்லத்தான் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இந்தச் சோதனை மனித டிஎன்ஏவைத்தான் பார்க்கும், எலிச் செல்லைப் பார்க்காது. எலியில் வளர்த்த கட்டியிலிருந்து செல் எடுப்பவர்கள் எலிச் செல் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனியில் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, டிக் அடித்தால் போதும். எங்கள் மையத்தில் அந்த வசதியே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் கம்பெனிக்குத்தான் மார்க்.

இன்னொன்று, பதிவு என்று நாம் ஒப்பிடுவதே சரியா என்ற கேள்வி. யு87 என்ற மூளைக் கட்டிச் செல் லைன் ஸ்வீடனின் உப்சாலாவில் அறுபதுகளில் உருவானது. 2016-ல் உப்சாலா ஆய்வாளர்கள், பாதுகாத்து வைத்திருந்த அந்த நோயாளியின் பழைய திசுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செல் வங்கி உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்த யு87, அந்த நோயாளியுடையது இல்லை. யாரோ ஒருவரின் மூளைக் கட்டியாக இருக்கலாம், அவர் யார் என்பது தெரியாது. உங்கள் யு87-ஐ அனுப்பினால் "வங்கியின் யு87-ஓடு பொருந்துகிறது" என்று ரிப்போர்ட் வரும். அதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

மைக்கோப்ளாஸ்மா சோதனையைக் கம்பெனி கூடவே சேர்த்துத் தருகிறது. இதில் எனக்கு முழுத் திருப்தி. செல் சுவரே இல்லாத பாக்டீரியா அது, பெனிசிலின் போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஃபிளாஸ்க் கலங்காது, மைக்ராஸ்கோப்பில் தெரியாது, வடிகட்டியில் கூடப் புகுந்து வந்துவிடும். செல்லின் அர்ஜினினைத் தின்றுகொண்டு, சோதனை முடிவுகளை எல்லாம் கோணலாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் குடியிருக்கும். அதில் மனித வாயிலிருந்து வருகிற இனமும் ஒன்று, ஹுட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசாதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது அதனால்தான். கம்பெனி பிசிஆரில் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. இந்தக் கேள்விக்கு ஒரு வரி போதும்.

எப்போது அனுப்புவது என்பதிலும் எங்கள் ஆட்கள் பிடிவாதமாகத் தவறான நேரத்தையே பிடிக்கிறார்கள். கட்டுரை எழுதிய பிறகு அனுப்பினால், எந்த விடை வந்தாலும் அது தொல்லை. புதுச் செல் லைன் லேபுக்குள் வந்ததும் ஒரு முறை, பெரிய அளவில் உறைய வைக்கும்போது ஒரு முறை, நீண்ட சோதனை தொடங்கும் முன் ஒரு முறை அனுப்பச் சொல்கிறேன். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்காவின் என்.ஐ.எச் 2016-லிருந்து மானிய விண்ணப்பத்திலேயே செல்களின் அடையாளத்தை எப்படி உறுதி செய்வீர்கள் என்று திட்டம் கேட்கிறது. அப்படிக் கேட்கும் இடங்களில் இந்தச் செலவை விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம். கடைசியில் கையைக் கடிக்காது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: அடையாளத்துக்கு எங்கள் மையம், மைக்கோப்ளாஸ்மாவுக்கும் எலிச் செல் சந்தேகத்துக்கும் கம்பெனி. அவசரம் என்றால் கம்பெனிக்கே எஸ்.டி.ஆரும் போகும், ஆனால் பீக் படங்களையும் சேர்த்து ஆர்டர் செய்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன். வந்த எண்களைச் செல்லோசாரஸ் என்ற செல் லைன் தகவல் தளத்தில் இருக்கும் கிளாஸ்டர் என்ற தேடலில் நாமே போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. மூன்று சூத்திரத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க அதில் வழி இருக்கிறது. மாணவர்களை அதைச் செய்யவைக்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது ஆளுக்கு ஆள் பீக் படத்தை வைத்துக்கொண்டு வாதம் செய்கிறார்கள்.

நீங்கள் புதிதாக ஒரு சேவையைத் தேடுகிறீர்கள் என்றால் ஆர்டருக்கு முன் போன் செய்து, "மூன்றாவது பீக் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவு உங்களை யாரிடமாவது மாற்றிவிடும். மாற்றிவிட ஆள் இருந்தால் நல்ல இடம். "எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

எங்கள் மையத்துக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தரலாம். ஒன்றைக் குறைத்தது தாமதத்துக்காக இல்லை, அந்தப் பத்து எழுத்துக் கட்டத்துக்காக. அந்த டெக்னீஷியன் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார் என்று கேள்வி. அவர் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களா, மென்பொருள் வாங்குகிறார்களா என்று இயக்குநர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இந்த நட்சத்திரத்தைத் திருத்துகிறேன்.